சினிமாவா, அந்த ஒரு புகைப்படமா?

நிழல்வேட்டை: "இளமையில் பார்த்த சினிமாதான் புகைப்படக்காரரின் பாணியை உருவாக்குகிறது, கார்த்தியே-பிரெஸ்ஸோனே சாட்சி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரைக் கேமராவோடு தெருவுக்கு அனுப்பியது, இன்னொரு புகைப்படக்காரரான மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரே ஒரு புகைப்படம். மூன்று சிறுவர்கள் அலைக்குள் ஓடுவார்களே, அதுதான். இதில் சினிமா எங்கே வந்தது?

பழையரோல்: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1952-ல் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் கிரிஃபித், ஸ்ட்ரோஹைம், ஐசன்ஸ்டைன், டிரையர் என்று சினிமா இயக்குநர்களை வரிசையாகச் சொல்லி, பார்க்கக் கற்றதே அந்தப் படங்களில்தான் என்கிறார். பிறந்தது 1908. ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' வந்தது 1925. 17 வயது! முன்காச்சியைப் பார்த்தபோது இருபதைத் தாண்டிவிட்டார்.

நிழல்வேட்டை: வயதுக் கணக்கு எதற்கு? அந்தப் புகைப்படத்தை ஒழுங்காகப் பாருங்கள். மூன்று பேரும் முதுகைக் காட்டுகிறார்கள், முகமே இல்லை. கை, கால், நுரை எல்லாம் ஒரே நொடியில் பொருந்தி நிற்கின்றன. சினிமாவில் அடுத்த பிரேம் வந்து அசைவை முடித்துவைக்கும். இதில் முடியவே முடியாது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஆயுள் முழுக்கத் தேடியது இதைத்தான். முன்காச்சி, முன்காச்சி, முன்காச்சி!

கூழாங்கல்: ஓவியத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் ஓவியம் படித்தவர் அவர்.

பழையரோல்: ஓவியத்தை யார் கேட்டார்கள்? 1936-ல் சினிமா இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவியாளராகவே சேர்ந்தார். சினிமாப் பித்து இல்லாதவர் அங்கே போவாரா?

நிழல்வேட்டை: ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டும், கார்த்தியே-பிரெஸ்ஸோனின் புகைப்படம் 1932. அதிலேயே அவர் பாணி முழுசாக இருக்கிறது. ரெனுவார் நாலு வருடம் கழித்து. முன்காச்சி அதற்கு முன்னால்.

பழையரோல்: அந்தப் படமே ஓரம் வெட்டியதுதானே? போன போட்டியில் 'ஓரம் வெட்டியிருக்கிறது' என்று சொல்லி என் படத்தைத் தள்ளியவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

நிழல்வேட்டை: வெட்டியதற்காக மட்டும் தள்ளவில்லை. வெட்டிய பிறகும் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

கூழாங்கல்: சரி, சுப்ரத மித்ராவை எடுத்துக்கொள்வோம். இளைஞராக ரெனுவாரின் 'தி ரிவர்' படப்பிடிப்பைப் போய்ப் பார்த்தவர். அப்புறம் 1956-ல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில், துணியில் பட்டுத் திரும்பி விழும்படி விளக்கொளியைத் தெறிக்கவிட்டார்.

நிழல்வேட்டை: அவர் ஒளிப்பதிவாளர். அவரே கார்த்தியே-பிரெஸ்ஸோனின் புகைப்படங்களில் மயங்கியவர். ஆக, புகைப்படத்திலிருந்துதான் சினிமாவுக்குப் போயிருக்கிறது. உங்கள் உதாரணம் என் கட்சி.

கூழாங்கல்: யார் என்ன சொன்னாலும் உங்கள் கட்சிதானா?

பழையரோல்: முன்னுரைக்கு இன்னும் பதில் வரவில்லை. 17 வயது.

நிழல்வேட்டை: முன்னுரையை நானும் படித்தவன். சினிமா அவருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம், எடுக்க வைத்தது முன்காச்சி. இதற்கு மேல் எத்தனை தடவை சொல்வது?

பழையரோல்: சொல்லிக்கொண்டே இருங்கள். இந்தத் தடவையும் போட்டிக்கு நீங்கள்தான் நடுவர் என்றால் நான் படம் அனுப்பப்போவதில்லை.