தேயிலைச் சாயத்தில் நனைந்த வெள்ளை

குன்னூர்க் கடைவீதியில் என் தந்தையார் தையல் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் இறுதியில் ஒரு நாள், சிம்ஸ் பூங்காவில் பாட்டுக் காட்சி எடுக்க வந்திருந்த படக்குழுவின் காஸ்ட்யூமர், ஆறு புத்தம் புது வெள்ளைச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். மலை வெயிலில் அந்த வெள்ளை கேமராவில் வெடித்துப் போகிறது, சட்டை மட்டுமே பளிச்சென்று தெரிந்து நடிகரின் முகம் கறுத்து விழுகிறது என்று ஒளிப்பதிவாளர் சொல்லிவிட்டாராம். அதற்கு அவர் கேட்ட மருந்து தேயிலைத் தூள். குன்னூரில் அதற்கா பஞ்சம்!

தந்தையார் டிகாஷனை வடிகட்டி ஆறவைத்தார். சட்டைகளை முதலில் பச்சைத் தண்ணீரில் முழுவதும் நனைத்துப் பிழிந்த பிறகே அதில் முக்கினார். உலர்ந்த துணியை அப்படியே போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முன்னதாக, வெட்டி மீந்த பருத்தித் துண்டுகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, எத்தனை நிமிடம் ஊறியது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். துணி அழகாக மங்கி வந்தது. ஆனால் காலரிலும் பட்டன் பட்டியிலும் தையல் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. சட்டை பருத்தி, நூல் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் தேயிலைச் சாயத்தைக் குடிப்பதில்லை. இரவோடு இரவாக ஆறு சட்டைகளின் மேல்தையலையும் பிரித்து, அதே சாயத்தில் முக்கிய பருத்தி நூலால் மறுபடி அடித்துக் கொடுத்தார். கூலி வந்ததா என்பது வேறு கதை.

இத்தனையும் 2012 நவம்பர்த் தொடக்கத்தில் லண்டனில் நினைவுக்கு வந்தது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த ஹாலிவுட் திரையுடைக் கண்காட்சிக்கு மகள் அழைத்துப் போயிருந்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட உடைகள் இருந்த கூடம் இருண்டு கிடந்தது. பழந்துணியின் சாயத்தையும் இழையையும் வெளிச்சம் தின்றுவிடும் என்பதால், ஐம்பது லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே மங்கலாக விளக்கு வைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். 1939ஆம் ஆண்டின் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் கதாநாயகி டோரதி அணிந்த நீலக் கட்டம் போட்ட உடையும், சிவப்புச் சமிக்கி தைத்த காலணிகளும் அங்கிருந்தன. மூலக்கதையில் அந்தக் காலணி வெள்ளி நிறம். டெக்னிகலர் என்ற அக்காலத்து வண்ணப்பட முறையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றே சிவப்பாக்கினார்கள். கூட்டமெல்லாம் காலணியை மொய்த்தது. என் கண் அந்த நீல உடைக்குள் அணியும் சட்டைக்குப் போனது. திரையில் வெள்ளையாகத் தெரியும் அந்தச் சட்டைக்கு வடிவமைப்பாளர் அட்ரியன் தேர்ந்தெடுத்தது வெளிர் இளஞ்சிவப்பு. சுத்த வெள்ளை டெக்னிகலர் விளக்குகளுக்குக் கீழே கண்ணைப் பறித்துவிடும். குன்னூரில் டிகாஷன் செய்த வேலையை அங்கே இளஞ்சிவப்பு செய்திருக்கிறது. காலரின் நூலைப் பார்க்க எவ்வளவோ குனிந்தேன்; அந்த இருட்டில் ஒன்றும் புலப்படவில்லை.

நம் பக்கத்து உடைகளுக்கு இந்தக் கொடுப்பினை பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஒரு படத்தின் ராஜா அங்கி வாடகைக் கடைக்குப் போய், அடுத்த படத்தில் ஜரிகை மாற்றப்பட்டு மந்திரிக்குப் போகும். கடைசியில் நாடகக் குழுவின் தகரப் பெட்டியில் நைந்து போகும். 'காந்தி' படத்தின் உடைகளுக்காக ஜான் மோல்லோவுடன் 1983இல் ஆஸ்கர் பெற்ற பானு அத்தையா, அந்தச் சிலை பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நான் கண்காட்சி பார்த்த அதே ஆண்டில் அதை ஆஸ்கர் வழங்கும் அகாடமியிடமே திருப்பி ஒப்படைத்தார். சிலைக்கே அந்த நிலை என்றால் துணியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

ஊர் திரும்பியதும் தந்தையாரின் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தேன். பென்சில் குறிப்புகளோடு ஏழு துண்டுகள் இருந்தன. நீலகிரி மழைக்காலத்து ஈரத்தில் இரண்டில் பூசணம் பூத்திருந்தது. மற்ற ஐந்தையும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, வெளிச்சம் படாத மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.