‘பட்ட விரட்டி’: அந்தக் கைக்கடிகாரம் ஏன் இப்படி உறுத்துகிறது?

தோணித்துறைக்காரன் எழுதியது:

காலித் ஹுஸைனியின் ‘பட்ட விரட்டி’யைப் போன வாரம்தான் படித்து முடித்தேன். ஆங்கிலத்தில் 2003ல் வந்த நாவல். மகள் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்து வீட்டில் போட்டிருந்தாள். இங்கே பலரும் படித்திருப்பீர்கள், கதையை முழுக்கச் சொல்லவில்லை.

அமீர் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஹஸன் அந்த வீட்டு வேலைக்காரரின் மகன், அவனோடு விளையாடி வளர்ந்தவன். 1975 குளிர்காலத்தில், காபூல் சந்து ஒன்றில் ஆஸெஃப் என்பவன் ஹஸனைப் பாலியல் கொடுமை செய்யும்போது அமீர் ஒளிந்து நின்று பார்க்கிறான். எல்லோரும் அதைத்தான் துரோகம் என்கிறார்கள். அப்புறம் அவன் தன் புதுக் கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹஸனின் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு அவனைத் திருடன் ஆக்குகிறானே, எனக்கு அங்கேதான் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. சந்தில் அவன் பயந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயப்படலாம். கடிகாரத்தை வைக்கும்போது எந்தப் பயமும் இல்லை, யோசித்துச் செய்தான். ஹஸனோ செய்யாத திருட்டை ஒப்புக்கொள்கிறான்.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் மண்டபம் தோணித்துறை. 1990ல் இலங்கையில் மன்னார்ப் பக்கம் சண்டை மூண்டு மறுபடி படகு படகாக ஆட்கள் வந்தபோது, மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒருவன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். ஒரே பெஞ்ச். அவனுக்கும் எனக்கும் முகம், நிறம், உடுப்பு எல்லாம் ஒன்றுதான். நாக்குதான் வேறு. நான் ‘ஆமா’ என்றால் அவன் ‘ஓம்’ என்பான். கடையில் போய் ‘கச்சான் தாங்கோ’ என்று கேட்டான். கச்சான் என்றால் எங்களுக்குக் காற்று, அவனுக்கு வறுத்த நிலக்கடலை. கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்துவிட்டது.

1991 மே 21ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு ஊர் மாறிப்போனது. தெருவில் ‘முகாமா?’ என்று கேட்கும் குரலே வேறாக இருந்தது. அவன் என்னிடம், ‘உங்கட மாதிரிக் கதைக்கச் சொல்லித் தாடா’ என்றான். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் தினமும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஆமா, பேசுறேன், வாங்க, போங்க. ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாகத் தோணித்துறைத் தமிழ் பேசினான்.

என் அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் வள்ளத்தில் கூட்டிப்போய்விட்டு வந்து, ‘காத்தப் பாத்துச் சொல்றதுல இவன்தான்டா கெட்டிக்காரன்’ என்றார். என்னை அப்படி அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அமீரின் அப்பா ஹஸனுடைய பிளந்த உதட்டுக்கு வைத்தியம் பார்க்க டாக்டரை வரவழைக்கும் பக்கத்தைப் படித்தபோது அப்பாவின் அந்தக் குரல்தான் கேட்டது.

அந்த ஆடி மாதம் இரண்டு பேரும் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்கப் பாம்பன் போனோம். டீக்கடையில் நாலைந்து ஆட்கள் மறித்து எந்த ஊர் என்றார்கள். அவன், ‘தோணித்துறைங்க, இவனோட சித்தப்பா மவன்’ என்றான். ஒரு பிசிறு இல்லை. அவர்கள் நம்பிவிட்டார்கள். சும்மா என்னைப் பார்த்து, ‘அப்படியாடா?’ என்றார் ஒருவர். நான், ‘இல்ல, முகாம் பையன்’ என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அதனால்தான் கடிகாரம் உறுத்துகிறது.

அவனை அடித்தார்கள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாளிலிருந்து வேறு பெஞ்ச். 1992ல் முகாம் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது அவன் குடும்பமும் போய்விட்டது. எனக்கு இப்போது 46 வயது.

நாவலில் அமீர் பல வருடம் கழித்து ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பிப் போய், ஆஸெஃபிடம் எலும்பு முறிய அடி வாங்கிக்கொண்டே சிரிக்கிறான், பாரம் இறங்கிவிட்டது என்று. என்னால் அதை ஏற்க முடியவில்லை. வேறு யாரிடமோ அடி வாங்கினால் ஹஸனுக்கு என்ன கிடைத்தது? உங்களுக்கு எப்படிப் படுகிறது?

கீழக்கரை வாசகி எழுதியது:

அந்தச் சிரிப்பு எனக்கும் ஒட்டவில்லை. அந்த அடியில் அமீரின் மேலுதட்டில் ஹஸனைப் போலவே தழும்பு வருவதும் ரொம்ப வசதியான ஏற்பாடு.

ஆனால் நீங்கள் தாண்டிப் போன ஒன்று உண்டு. அமீர் பஷ்தூன், சுன்னி; அங்கே கை ஓங்கிய இனம். ஹஸன் ஹஸாரா, ஷியா; தாழ்வாக நடத்தப்பட்ட இனம். அமீரின் அப்பாவும் ஹஸனின் தந்தை அலியும் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். இருந்தும் தன் பழைய கதைகளில் ஒருமுறைகூட அவர் அலியை நண்பன் என்று சொன்னதில்லை. அமீரே இதைக் கவனித்துச் சொல்கிறான். பிள்ளைக்குத் துரோகம் சந்தில் தொடங்கவில்லை, வீட்டிலேயே பழகியிருந்தது. அந்த அப்பாவே ஹஸனுக்கும் தகப்பன் என்று பின்னால் தெரியும்போது எனக்கு அதிர்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது.

என் மனக்குறை ஹஸனைப் பற்றியது. அவனுக்குக் கோபமே கிடையாதா? மாதுளையால் அடித்து ‘திருப்பி அடி’ என்று அமீர் கத்தும்போதும், ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொள்கிறான். கதையைச் சொல்பவன் அமீர். அவனுக்கு எப்படிப்பட்ட ஹஸன் தேவையோ அப்படித்தானே சொல்வான்? எழுதப் படிக்கத் தெரியாத ஹஸன் பின்னால் படித்து, தன் கையால் அமீருக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதம் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

தங்கச்சிமடம் பெரியவர் எழுதியது:

தம்பி, நான் அந்த நாவலைப் படித்ததில்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் தீடையில் இறக்கி விடப்பட்டவர்களைப் படகில் ஏற்றி வந்தவன் நான். கைப்பிள்ளையோடு, தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்தார்கள். எங்கள் தெருவில் உலை வைத்துக் கஞ்சி ஊற்றினோம். அடுத்த வருடம் அதே தெருவில் அதே ஆட்களுக்குத் திண்ணையில் இடம் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. உனக்குப் பன்னிரண்டு. இதை மட்டும் எழுதத் தோன்றியது.

முகாமில் வளர்ந்தவள் எழுதியது:

தோணித்துறை அண்ணா, நானும் 1990ல் வந்தவள்தான். ஏழு வயது. பஸ் ஏறுமுன் அம்மம்மா, ‘வாயைத் திறவாதே’ என்பார். திறந்தால் ‘ஓம்’ வந்துவிடும். இன்றைக்கும் ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் நின்றால் எனக்கு ‘ஆமா’தான் வருகிறது, வீட்டுக்குள் வந்தால் ‘ஓம்’. இரண்டையும் யாரும் கற்றுத் தந்ததாக ஞாபகம் இல்லை. உங்கள் கூட்டாளிக்கு ஞாபகம் இருக்கும்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். அடித்தவர்களின் முகம் அவருக்கு மறந்திருக்கும். ‘இல்ல’ என்ற குரல் மறந்திருக்காது. சும்மா ஆறுதலுக்காக வேறுமாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அமீர் போன நேரத்தில் ஹஸன் உயிரோடு இல்லை. காபூலில், அமீர் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த இடத்திலேயே தாலிபான்கள் சுட்டுவிட்டார்கள். மகன் சொஹ்ராப்தான் மிச்சம். அந்தப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரு வருடம் பேசாமலே இருக்கிறான். ஆகவே ‘ஹஸனுக்கு என்ன கிடைத்தது’ என்ற கேள்விக்கு நாவலில் விடை இல்லை. உங்கள் ஆள் உயிரோடு இருக்கலாம். எந்த ஊர் என்று சொன்னாரா?

தோணித்துறைக்காரன் எழுதியது:

பேசாலை. மன்னார்த் தீவில். அப்பாவுக்குக் கரைவலை என்று சொல்வான்.

கீழக்கரை சகோதரி, நீங்கள் கேட்டது சரி. நான் எழுதியதிலும் அவன் பேசாமல்தான் நிற்கிறான். உண்மையில் மறுநாள் பள்ளிக்கூடக் கிணற்றடியில் என்னிடம், ‘நான் பிழையாக் கதைச்சனானோ?’ என்று கேட்டான். தன் தமிழில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதோ என்று நினைத்திருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை. முதலில் எழுதும்போது இதை விட்டுவிட்டேன்.

முகாமில் வளர்ந்தவள் எழுதியது:

பேசாலையில் எனக்கு மாமி இருக்கிறார். பெயரையும் தகப்பன் பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், விசாரிக்கச் சொல்கிறேன். கிடைத்தால் முதலில் அவரிடம்தான் கேட்பேன், உங்களோடு கதைக்க விருப்பமா என்று. மாட்டேன் என்றால் அத்தோடு விட வேண்டும். சம்மதமா?

தோணித்துறைக்காரன் எழுதியது:

சம்மதம். அனுப்பிவிட்டேன். முதல் பெயரை இரண்டு தடவை தப்பாகத் தட்டி அழித்து எழுதினேன். கிடைத்தால், அவன் கிணற்றடியில் கேட்டதற்குப் பதிலை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்: அவன் தமிழில் ஒரு பிழையும் இல்லை.