பரண்ல ரப்பர் கீ வச்ச பொட்டி ஒண்ணும் பை நிறைய கேசட்டும் கெடச்சிருக்கு, இது கம்ப்யூட்டரா?

கல்மண்டபம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைல பாட்டி வீட்டு பரணை காலி பண்றப்ப ஒரு சின்ன கறுப்பு பொட்டி கெடச்சுது, மேல சாம்பல் கலர்ல ரப்பர் கீ, ஓரத்துல கலர் கலரா கோடு, சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு எழுதியிருக்கு. பெரியப்பா கப்பல்ல வேலை செஞ்சவரு, அவரு எங்கயோ வெளிநாட்டுல வாங்கினு வந்ததாம். கூடவே மஞ்சப்பை நிறைய கேசட், சரி பழைய பாட்டா இருக்கும்னு டேப் ரெக்கார்டர்ல போட்டா கீஈஈஈன்னு கத்துது, அப்புறம் கர்ர்ர்னு ஒரே இரைச்சல். அப்பாவை கேட்டா "அதுலதாண்டா நான் கம்ப்யூட்டர் கத்துகினேன், டிவில மாட்டுவோம்"ன்றாரு. ஹார்ட் டிஸ்க் இல்ல, மவுஸ் இல்ல, இதுல என்னத்த கத்துகினு இருப்பாரு? இப்ப இதை ஆன் பண்ணலாமா? ஒரு கேசட் மேல அப்பா கையெழுத்துல "கரண்ட் பில்"னு இருக்கு, அதுல இருக்கறதை எப்டியாவது எடுக்கணும்.

டேப்ஹெட்:
தம்பி மொதல்ல கைல கெடச்ச அடாப்டரை சொருவிடாத. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, ஆனா பின்னோட நடுவுல நெகட்டிவ், நம்ம ஊர் கடைல கெடைக்கற அடாப்டர் முக்காவாசி நடுவுல பாசிட்டிவ். மாத்தி குடுத்தா போர்டு காலி. ஒரிஜினல் அடாப்டர் இருந்தாலும் மீட்டர் வச்சு பாத்துட்டு போடு, உள்ள இருக்கற பழைய கெப்பாசிட்டரை ரிச்சி ஸ்ட்ரீட்ல புதுசு வாங்கி மாத்திட்டா இன்னும் நல்லது. கீக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு வரும், இத்தனை வருஷத்துல காஞ்சு வெடிச்சிருக்கும், புதுசு ஆன்லைன்ல இப்பவும் விக்கறாங்க.

நீ கேட்ட இரைச்சல்தான் ப்ரோக்ராம். சத்தமா ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கும், கேசட் ப்ளேயர்லேர்ந்து ஒயர் போட்டு குடுத்தா மெஷின் அதை படிச்சுக்கும். கீஈஈன்ற வரைக்கும் டிவி ஓரத்துல சிவப்பும் வெளிர்நீலமுமா தடிச்ச கோடு ஓடும், கர்ர்ர்னு ஆரம்பிச்சதும் மஞ்சளும் நீலமுமா மாறிடும். 48 கேபி மெஷினுக்கு ஒரு கேம் ஏற அஞ்சு நிமிஷம் கிட்ட ஆவும், கடைசில "டேப் லோடிங் எரர்"னு வந்துச்சுன்னா ரீவைண்ட் பண்ணி மறுபடி மொதல்லேர்ந்து.

காசிமேட்டு_குமாரு:
இன்னாது கத்துகினாரா 😂 தலீவா, கேம் ஆடிகினு இருந்துருப்பாரு, ஊட்ல படிக்கறேன்னு சொல்லிகினு. ஞாயித்துக்கெழம படம் போடற நேரத்துல டிவிய புடுங்கி இதுல மாட்னா ஊட்ல சும்மாவா வுட்டுருப்பாங்க?

டேப்ஹெட்:
குமாரு, கேம் ஆடணும்னாலே பேசிக்ன்ற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் தெரியணும்பா. ஆன் பண்ணா 1982 சின்க்ளேர் ரிசர்ச்னு ஒரு வரி, அவ்ளோதான், ஐகானும் கெடையாது மெனுவும் கெடையாது. ஜே கீயை அமுக்கினா லோட்னு முழு வார்த்தையா வரும், பீயை அமுக்கினா பிரிண்ட். அதுக்கு மேல நீயேதான் அடிக்கணும். கேம் வாங்க காசு இல்லாதவன் புக்ல அச்சடிச்சிருக்கற ப்ரோக்ராமை பாத்து வரி வரியா அடிப்பான், ஒரு புள்ளி உட்டுட்டா ஓடாது, எங்கன்னு தேடுறப்பவே பாதி ப்ரோக்ராமிங் வந்துடும்.

மிண்ட்_மாலா:
உங்க அப்பா குடுத்து வச்சவரு. எங்க தெருவுல எல்லாம் அப்ப கம்ப்யூட்டர்னா நோட்டுதான். மிண்ட் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல லோயர், ஹையர் முடிச்சவங்களை மாடில கம்ப்யூட்டர் கிளாஸுக்கு சேத்துப்பாங்க, பேர் சொல்ல விரும்பல. பீஸை மட்டும் மொத நாளே வாங்கிடுவாங்க, மெஷின் கைக்கு வர மாசக்கணக்காவும். அதுவரைக்கும் ஃப்ளோசார்ட் வரையறது, நோட்டுல ப்ரோக்ராம் எழுதி எக்ஸுக்கு இப்ப என்ன வேல்யூ, ஒய்க்கு என்ன வேல்யூன்னு பக்கத்துல கட்டம் போட்டு ஒவ்வொரு ரவுண்டா எழுதிக்கினே வரணும், ட்ரை ரன்னு சொல்லுவாங்க. ஏசி ரூம், செருப்பு வெளிய. அஞ்சேகால் இன்ச் ஃப்ளாப்பியை உறைலேர்ந்து எடுக்கறப்ப நடுவுல கருப்பா தெரியற எடத்துல வெரல் பட்டா சார் கத்துவாரு. மத்தியானம் கரண்ட் போச்சுன்னா சேவ் பண்ணாதது போச்சு, அதனால வேர்ட்ஸ்டார்னு அப்ப இருந்த டைப் பண்ற சாஃப்ட்வேர்ல ரெண்டு வரிக்கு ஒரு தடவை சேவ் பண்ண கன்ட்ரோல் கே எஸ், இன்னிக்கும் எனக்கு அந்த பழக்கம் போகல. ஆனா ஒண்ணு, டைப்ரைட்டிங் முடிச்ச பொண்ணுங்க கீ போர்டை பாக்காமயே அடிப்போம், இன்ஜினியரிங் பசங்க ஒத்தை வெரல்ல தேடிகினு இருப்பாங்க. டிபேஸ்ன்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் தெரியும்னு சொன்னதும்தான் எனக்கு பாரிஸ் கார்னர்ல மொத வேலையே கெடச்சுது.

லோகோ_ஒர்க்ஸ்:
பெரிய ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு வேற கதை. 1984-85ல சென்ட்ரல் கவர்மென்ட் கிளாஸ்னு ஒரு திட்டம் போட்டு சுமார் 250 ஸ்கூலுக்கு பிபிசி மைக்ரோ குடுத்தாங்க, இங்கிலாந்து ஏகார்ன் கம்பெனி மெஷின், 32 கேபி மெமரி, மேல வரிசைல சிவப்பா ஃபங்ஷன் கீ. மொத்த நாட்டுக்கும் அவ்ளோதான், பெரம்பூர்ல எங்க ஸ்கூலுக்கு எங்க வரும்? ஸ்பெக்ட்ரமும் இங்கிலாந்துல பசங்க வீட்ல வச்சு ஆடறதுக்கு வந்த விலை கம்மி மெஷின்தான். அதனால அப்பா சொல்றதை நம்பு, அந்த காலத்துல வீட்லயே ஒண்ணு இருந்தா அதுவே ஸ்கூல்.

கல்மண்டபம்_பையன்:
நன்றி எல்லாருக்கும். அப்பாகிட்ட படிச்சு காமிச்சேன். கரண்ட் பில் கேசட் அவரே எழுதின ப்ரோக்ராமாம், யூனிட்டை குடுத்தா எவ்ளோ ரூபான்னு வருமாம், மேல குடித்தனம் இருந்தவங்ககிட்ட சண்டை போட்டு எழுதினது 😄 அதை எப்டி எடுக்கறது?

டேப்ஹெட்:
மொதல்ல டேப்ல வெள்ளையா பூஞ்சை இருக்கான்னு பாரு, கடல் காத்துக்கு கண்டிப்பா பிடிக்கும், இருந்தா ப்ளே பண்ணாத, போட்டோ எடுத்து இங்க போடு. இல்லன்னா ஒரு தடவை முழுசா ஃபார்வேர்ட் ரீவைண்ட் பண்ணிட்டு, ப்ளேயர்ல டேப்பை படிக்கற ஹெட்டை ஸ்பிரிட்ல தொடைச்சிட்டு, இயர்போன் ஓட்டைலேர்ந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டு வேவ் ஃபைலா ரெக்கார்ட் பண்ணு. எம்பி3 வேணாம், பாழாயிடும். சத்தம் மந்தமா இருந்தா ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், மெதுவா திருப்பி எங்க காது கூசுற மாதிரி கேக்குதோ அங்க நிறுத்து. ஃபியூஸ்னு ஃப்ரீ எமுலேட்டர் இருக்கு, லேப்டாப்பையே ஸ்பெக்ட்ரம் மாதிரி ஓட வைக்கற சாஃப்ட்வேர், அதோட யூட்டிலிட்டி பேக்ல வேவை டேப் ஃபைலா மாத்திக்கலாம். ஏறலன்னா ஃபைலை இங்க போடு, நான் பாக்கறேன்.

காசிமேட்டு_குமாரு:
அந்த மேல் குடித்தனம் எங்க சித்தப்பாவா இருக்க போவுது, பாத்து போடு நைனா 😂