திரும்ப வரைந்தால் அதே மூலக்கூறு வருகிறது, பெயர் மட்டும் ஏன் தவறு?

கேள்வி:
ஐந்து கார்பன்கள் நேர்க்கோட்டில் உள்ளன. இடமிருந்து இரண்டாவதில் எத்தில் (இரு கார்பன்) கிளை, நான்காவதில் ஓஎச் (ஆல்கஹால் தொகுதி). 2-எத்தில்பென்டன்-4-ஆல் என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 4-மெத்தில்ஹெக்சன்-2-ஆல் என்றிருக்கிறது. என் பெயரிலிருந்து வரைந்தாலும் இதே அமைப்புதானே வருகிறது?

பதில் 1:
வரும். ஆனால் விதிப்படி ஒரு சேர்மத்துக்கு ஒரே பெயர்தான் தேற வேண்டும். தாளில் நேராக வரைந்திருப்பதால் அதுவே முதன்மைச் சங்கிலி (பெயருக்கு அடிப்படையான சங்கிலி) ஆகிவிடாது. ஓஎச் உள்ள கார்பனை உள்ளடக்கிய மிக நீண்ட சங்கிலியைத் தேடுங்கள். வலது முனையில் தொடங்கி, எத்தில் கிளைக்குள் திரும்பினால் ஆறு கார்பன். இடது ஓரத்தில் மிஞ்சுவது மெத்தில் (ஒரு கார்பன் கிளை). ஓஎச்சுக்குச் சிறிய எண் கிடைக்கும்படி எண்ணினால் அது 2, மெத்தில் 4.

திறந்த சங்கிலியில் 1-மெத்தில், 2-எத்தில் என்று வந்தாலே சந்தேகப்படுங்கள். எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது: 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல் சரியான பெயர். அங்கே ஏழு கார்பன் சங்கிலி இருந்தாலும் ஓஎச் உள்ள கார்பன் அதற்கு வெளியே போய்விடுகிறது.

பதில் 2:
ஓஎச்சோ இரட்டைப்பிணைப்போ இல்லாத வெறும் ஆல்கேன் என்றால் வேறொரு பொறி. எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன்தான் சரி, மறுமுனையிலிருந்து எண்ணினால் வரும் 3,4,9 என்பதன் கூட்டுத்தொகை 16, இதற்கு 17, இருந்தும். முதல் வேறுபாட்டில் எது சிறியதோ அதுவே வெல்லும், 2-க்கு முன் 3 நிற்காது.

பதிலிகளை (சங்கிலியில் ஒட்டியுள்ள கிளைகள், அணுக்கள்) அடுக்குவது ஆங்கில அகரவரிசைப்படி. தமிழில் எழுதும்போது இது கண்ணில் படாது: புரோமோ முன், குளோரோ பின். டை, டிரை போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகள் வரிசையில் சேராது, ஐசோ சேரும்.

கேள்வி கேட்டவர்:
இரட்டைப்பிணைப்பு இருந்தால் சங்கிலி அதன் வழியாகத்தான் போக வேண்டுமா?

பதில் 1:
எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கார்பனோடு இரட்டைப்பிணைப்பில் சிஎச்2, கூடவே ஓர் எத்தில், ஒரு புரொப்பைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி 2-எத்தில்பென்ட்-1-ஈன். ஐயுபிஏசியின் (வேதிப்பெயர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு) 2013 பரிந்துரைகளில் நீளத்துக்கே முதலிடம், ஆகவே 3-மெத்திலிடீன்ஹெக்சேன். பாடநூல்கள் பலவும் இன்னும் பழையதிலேயே நிற்கின்றன; தேர்வில் உங்கள் நூலின் வழியில் எழுதுங்கள். ஓஎச்சும் இரட்டைப்பிணைப்பும் ஒரே சங்கிலியில் இருந்தால் குழப்பமே இல்லை, சிறிய எண் ஓஎச்சுக்கு: பென்ட்-4-ஈன்-2-ஆல்.