கிரெவாஸில் (பனியாற்றில் விழும் ஆழமான பிளவில்) விழுந்து மீண்ட நம் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் எழுதுங்கள்

கணியம்பாடி, முன்னாள் படைவீரர்:

கார்கில் சண்டைக்கு முந்தின வருஷம். சியாச்சின். அங்கே வீரர்கள் காவல் தெய்வமாக நினைக்கும் ஓ.பி. பாபா கோயிலில் கும்பிட்டு மேலே ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஹெலிகாப்டர் போட்டுவிட்டுப் போன மண்ணெண்ணெய் கேன்களை எடுத்து வரப் போனோம். பனி இறுகிக் கிடக்கும் விடியற்காலையிலேயே நடையை முடித்துவிட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் புதைந்து கிடந்த கேன்களைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. நம் ஊர் வெயில் இல்லை, மைனஸ் இருபதில் அடிக்கிற வெயில். கிரெவாஸை மூடியிருக்கும் பனிப்பாலத்தை இளக்க அதுவே போதும்.

ஒரே கயிற்றில் ஐந்து பேர். முன்னால் போனவர் தாண்டிவிட்டார். அவர் பூட்ஸ் பதிந்த குழியிலேயே நான் கால் வைத்தேன். சத்தமே இல்லாமல் தரை போய்விட்டது. பதினைந்து அடி இறங்கியதும் கயிறு இடுப்பை இறுக்கி நிறுத்தியது. முதுகில் இருந்த இருபது லிட்டர் கேன் என்னைப் பின்பக்கமாகக் கவிழ்க்கப் பார்த்தது. தட்டுத்தடுமாறி வாரை அவிழ்த்துவிட்டேன். சுவரில் இரண்டு தடவை மோதிய சத்தம் கேட்டது. அடியில் விழுந்த சத்தம் கடைசிவரை கேட்கவே இல்லை.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. எனக்குப் பின்னால் கயிற்றில் இருந்தவர் பாலக்காட்டுக்காரர். நான் விழுந்ததும் ஐஸ் ஆக்ஸைக் (பனிக்கோடரியை) குத்திக் குப்புறப் படுத்து என் பாரம் முழுவதையும் தாங்கினார். அந்தப் பாரத்தை ஆக்ஸுக்கு மாற்ற முடிச்சுப் போட வேண்டும். தடித்த கையுறையோடு விரல் வளையவில்லை என்று வலது கையுறையைக் கழற்றியிருக்கிறார். என்னை மேலே எடுத்துப் போட்டபோது அவர் கையைப் பார்த்தேன். மெழுகு போல வெளுத்து இருந்தது. "ஒன்றுமில்லை, நட" என்றார். பின்னால் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டார்கள். நான் லீவில் ஊருக்கு வந்தேன், அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கற்பூரத் தட்டுக்குக் கை நீட்டும்போதெல்லாம் என் பத்து விரலும் கண்ணில் படுகிறது.

காட்பாடி, இப்போது சூரிச்:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. என்னுடையது சின்னது, ஆனால் இன்னும் தூக்கத்தில் வருகிறது.

ஸ்கீ டூரிங் போகிறவன் நான். ஸ்கீ என்ற சறுக்குப் பலகைக்கு அடியில் பின்னுக்கு வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி மலை ஏறிவிட்டு, உச்சியில் பட்டையை உரித்துச் சறுக்கி இறங்குவது. ஏப்ரல் மாதம், அலெட்ச் பனியாற்றுப் பக்கம். ஆல்ப்ஸ் மலையில் அதுதான் மிக நீளமானது, இருபது கிலோமீட்டருக்கு மேல். ஏறும்போது நானும் நண்பனும் கயிறு கட்டியிருந்தோம். இறங்கும்போது கட்டவில்லை. ஸ்கீ பாரத்தைப் பரப்பிவிடும், வேகமாகத் தாண்டிவிடலாம் என்று பலரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். நண்பன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறேன் என்றான். நானும் நின்றேன். நின்றதுதான் தப்பு.

ஏழு மீட்டர் கீழே, நெஞ்சளவு அகலம் மட்டுமே இருந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு ஸ்கீ குறுக்கே சிக்கி நின்றது. உடம்புச் சூட்டில் ஐஸ் உருகி ஜாக்கெட் நனைந்தது. அப்போதுதான் கவனித்தேன், மூச்சை வெளியே விட்டால் உடம்பு ஒரு நூல் கீழே இறங்குகிறது. மறுபடி இழுத்தால் முன்னளவு நெஞ்சு விரிய இடமில்லை. அதனால் பாதி மூச்சுதான் விட்டேன். பாதி பாதியாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நண்பன் கயிற்றை இறக்கினான், இடுப்பு வாரில் கொக்கியை மாட்டிய பிறகுதான் இறங்குவது நின்றது. அவன் ஒருவனால் என்னை இழுக்க முடியவில்லை. ஹெலிகாப்டர் மீட்பு எண் 1414-க்குப் போன் போட்டான். ஹெலிகாப்டரில் வந்தவர்கள் பிளவின் வாயில் முக்காலி நிறுத்தி என்னை எடுத்தார்கள்.

இப்போதும் லிஃப்டில் கூட்டம் ஏறினால் பாதி மூச்சுதான் விடுகிறேன்.

ஆற்காடு:

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் நாட்டுக்காகப் போனார். இன்னொருவர் விடுமுறைக்குப் போனார். 2016 பிப்ரவரியில் சியாச்சின் சோனம் போஸ்டில் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்களே, அதில் நம் வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலையும் ஒருவர். அவர் உடல் வந்த நாளை நான் மறக்கவில்லை. பனி என்றால் எனக்கு அந்த நாள்தான்.

காட்பாடி, இப்போது சூரிச்:

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை அண்ணா. விழுந்தவர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

ராணிப்பேட்டை:

ஆற்காடு நண்பருக்கு: 2016-இல் நடந்தது பனிச்சரிவு. மேலிருந்து வந்து மூடியது. கிரெவாஸ் காலுக்கடியில் திறப்பது. இரண்டும் சேர்ந்தும் வரும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசிப் பக்கம் திரௌபதி கா தண்டா மலையில் பயிற்சிக்குப் போனவர்களைப் பனிச்சரிவு அடித்துக் கிரெவாஸுக்குள்தான் தள்ளியது.

நானும் உத்தரகாசியில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி முடித்தவன். எங்களைக் கயிறு கட்டிக் கிரெவாஸுக்குள் இறக்கிவிட்டு, நீயே ஏறி வா என்பார்கள். உள்ளே நீல வெளிச்சம். அழகாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பிளவு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே நடக்க வேண்டும். அதே திசையில் நடந்தால் கயிற்றில் இருக்கும் எல்லாரும் ஒரே பிளவின் மேல் நிற்பீர்கள். கயிறு தொய்யக் கூடாது. தொய்ந்த ஒவ்வொரு அடியும் விழுகிறவனுக்குக் கூடுதல் அடி. இரண்டே பேர் போனால் நடுக்கயிற்றில் முடிச்சுகள் போட்டு வையுங்கள், விழும்போது அவை பிளவின் விளிம்பில் பனியில் சிக்கிப் பிடிக்கும். விழுந்த பிறகு கயிறு விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே புதையும், அப்புறம் எத்தனை பேர் இழுத்தாலும் வராது. பாதுகாப்புக் கயிற்றோடு போய் அதற்கடியில் ஒரு ஐஸ் ஆக்ஸையோ பையையோ செருக வேண்டும். ஒருவரே இழுக்க வேண்டுமானால் கப்பி போல மடக்கி, மூன்றில் ஒரு பங்கு பலத்தில் தூக்கும் முறை இருக்கிறது. அதை வீட்டு மொட்டைமாடியில் பழகலாம், நான் தண்ணீர் டிரம்மை வைத்துப் பழகினேன். காட்பாடித் தம்பி இறங்கும்போதும் கயிறு கட்டியிருக்க வேண்டும், குறைந்தது பாலத்தின் மேல் நின்றிருக்கக் கூடாது. கணியம்பாடி ஐயா சொன்ன பாலக்காட்டுக்காரரும் கையுறையோடே முடிச்சுப் போடப் பழகியிருக்க வேண்டும். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றுவது பெரிய தவறு. மெல்லிய உள்ளுறை ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

குடியாத்தம்:

நான் பனியைப் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் சியாச்சினில் இரண்டு தடவை இருந்துவிட்டு வந்தவர். விழுந்ததை என்னிடம் சொல்லவே இல்லை. ரிட்டையர் ஆகி வந்த வருஷம், அக்னி நட்சத்திர நேரம், ராத்திரி கரண்ட் போய்விட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த குடையை எடுத்துத் தரையைத் தட்டினார். ஒரு தட்டு, ஒரு அடி. இன்னொரு தட்டு, இன்னொரு அடி. அடுப்படி வரைக்கும் அப்படியே போனார். முகமெல்லாம் வியர்வை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, நீ என் பின்னாலேயே வா" என்றார். நானும் அவர் கால் வைத்த இடத்திலேயே வைத்துப் போனேன். மறுநாள் காலையில்தான் அவர் சொன்னார்.

கணியம்பாடி, முன்னாள் படைவீரர்:

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் எந்த வருஷம் இருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். பேச வேண்டும் போல இருக்கிறது.

ராணிப்பேட்டைத் தம்பி, நீங்கள் சொன்ன கயிற்று விஷயமெல்லாம் சரி. எங்களுக்கும் உஸ்தாத் அதைத்தான் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். பாலக்காட்டுக்காரரிடம் உள்ளுறையும் இருந்தது. கேன்களைத் தோண்டி எடுத்ததில் அது நனைந்து விறைத்துப் போயிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் வந்து சேருகிற வரைக்கும் நான் அந்த ஒரு ஆளின் உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். நான் அசையும்போதெல்லாம் அவர் விளிம்பை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நிற்க ஒரு வழிதான் இருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து உருவினாராம்.

மற்றது எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர் தவறு செய்தார் என்று மட்டும் எழுதாதீர்கள்.