மூச்சுத்திணறலுக்குத் தியோஃபிலின், சால்புட்டமால் மாத்திரை எடுத்தவர்கள்: மறக்க முடியாத அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள்

நீலவானம்:
அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய். தியோஃபிலின் 400, இரவில் ஒன்று, ஆறு வருடமாக. ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். இன்ஹேலரைச் சொன்னேன், பிரஷர் மாத்திரையைச் சொன்னேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டு முறை வாந்தி. ஆன்டிபயாட்டிக் என்றால் வயிற்றைப் புரட்டத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். அன்று இரவு மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தபோது டம்ளர் விளிம்பு அவர் பல்லில் டக டகவென்று இடித்துக்கொண்டே இருந்தது. "குளிருதாப்பா?" என்று கேட்டுப் போர்வையை இழுத்துவிட்டு, அந்த மாத்திரையையும் விழுங்க வைத்தேன்.

விடியற்காலையில் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஐசியூ. ரத்தத்தில் தியோஃபிலின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஆபத்து என்றார்கள். அவருக்கு 31. அந்த ஆன்டிபயாட்டிக் சேர்ந்ததால் ஏறியதாம். பிழைத்துவிட்டார். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நடுங்குகிற கையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு மாத்திரை கொடுத்தவள் நான்.

ஈரக்காற்று:
எனக்கு சால்புட்டமால் 4 மி.கி. இன்ஹேலர் தீர்ந்துபோன நாளில் திடீரென்று வீசிங். வீட்டில் பழைய மாத்திரை இருந்தது, போட்டேன். பத்து நிமிடம் பார்த்தேன், நெஞ்சு அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொன்று போட்டேன். அரை மணி நேரம் கழித்து இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டின. ஆஸ்பத்திரியில் படிவத்தில் என் பெயரை எழுதச் சொன்னார்கள். முதல் எழுத்தே கோணல்மாணலாகப் போனது, பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் வேறு இறங்கியிருந்தது.

அங்கே ஒரு நர்ஸ் சொன்ன கணக்குதான் மனதில் பதிந்தது. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். 4 மி.கி. மாத்திரை என்றால் எடையில் 40 பஃப். நான் போட்டது 80. பஃப் நேராக நுரையீரலுக்குப் போய்ச் சில நிமிடத்தில் மூச்சுக்குழாயைத் திறக்கும். மாத்திரை வயிறு, ஈரல், ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் அங்கே வரும். திடீர் மூச்சுத்திணறலுக்கு மாத்திரையை நம்பி உட்காராதீர்கள்.

பழைய படிக்கட்டு:
நீலவானம், ஆன்டிபயாட்டிக் மட்டும்தான் காரணம் என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன். நான் எந்தப் புது மருந்தும் எடுக்கவில்லை. முப்பது வருடம் புகைத்த சிகரெட்டை நிறுத்தினேன், அவ்வளவுதான். பத்தாவது நாள் தூக்கம் சுத்தமாகப் போனது. குமட்டல், படுத்தால் தலையணைக்குள் இதயம் அடிப்பது கேட்கும். சிகரெட்டை விட்டதால் வருகிற தவிப்பு, பல்லைக் கடித்துக்கொள் என்றார்கள் வீட்டில். நானும் கடித்துக்கொண்டேன். செக்கப்புக்குப் போன இடத்தில் டாக்டர், "நிறுத்தியதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று பதறினார். தியோஃபிலினைச் சிதைக்கும் ஈரல் நொதியைச் சிகரெட் புகை முடுக்கிவிடுமாம். புகை நின்றதும் அது மந்தமாகிவிடும், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். டோஸைக் குறைத்தார், நான்கே நாளில் தூங்கினேன். நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இதேதான், ஏனென்றால் முடுக்குவது புகையில் இருக்கிற மற்ற பொருட்கள். சிகரெட்டை விடுங்கள், கட்டாயம் விடுங்கள். விடுகிற அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி:
பாட்டிக்கு விழுங்க முடியாது என்று தியோஃபிலின் எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும்) மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தோம். நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் வலிப்பு. அதற்கு முன் வாந்தியோ நடுக்கமோ எதுவுமே இல்லை. அந்தக் கரண்டியை அம்மா அன்றே தூக்கி எறிந்துவிட்டார்.

ஈரக்காற்று:
மூன்றாம் மாடி, இதைப் படித்த பிறகு தியோஃபிலினையே எல்லோரும் நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இன்ஹேலர் இருக்கும்போது இது எதற்கு?

தெளிநீர்:
ஈரக்காற்று, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். உங்கள் வரியைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே தானாக நிறுத்தினால் மூச்சு மோசமாகிவிடும். இன்ஹேலர் மட்டும் போதாமல் இதையும் சேர்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. என் கதை சின்னது: காய்ச்சலோடு நான்கு நாள் படுத்திருந்தேன், டோஸ் மாறவில்லை, ஆனாலும் கை நடுங்கியது. கடும் காய்ச்சலிலும் ஈரல் இந்த மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அமிலத்துக்குக் கொடுக்கிற சிமெட்டிடின், மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்சமின், இவையெல்லாம் தியோஃபிலின் அளவை ஏற்றும். டிபி மருந்து ரிஃபாம்பிசினும் வலிப்பு மருந்து ஃபெனிட்டோயினும் இறக்கும், அவற்றை நிறுத்தும்போது மறுபடி ஏறும். அதனால் சேர்க்கும்போதும் சொல்ல வேண்டும், நிறுத்தும்போதும் சொல்ல வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். எஸ்.ஆர். மாத்திரையில் கம்பெனி மாறினால் கரைகிற வேகமும் மாறலாம், டாக்டரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம். காபியில் இருக்கிற கஃபீனும் இதே குடும்பம், அளவு கூடினால் படபடப்பும் கூடும். ஆஸ்துமா இருப்பவர்கள் கண் நீர் அழுத்தத்துக்குப் போடுகிற டிமோலால் சொட்டுமருந்தைக்கூட மறைக்காதீர்கள். கண்ணில் விடுவதுதானே என்று நினைப்போம், அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். வாந்தியோ படபடப்போ வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சின்னப் பாதம்:
குழந்தை சிரப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் மகனுக்கு இரண்டு வயது. 5 மில்லியில் 2 மி.கி. சால்புட்டமால் உள்ள சிரப், டாக்டர் எழுதியது இரண்டரை மில்லிக்கும் குறைவு. அளவு மூடி தொலைந்துபோனதால் வீட்டுக் கரண்டியில் ஊற்றினேன். இரவு இரண்டு மணிக்குத் தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே இருந்தான், கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. தூக்கி மார்போடு அணைத்தேன். அவன் இதயம் அடிப்பதை எண்ணப் பார்த்தேன், எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். காலையில் அந்தக் கரண்டியில் தண்ணீர் ஊற்றி சிரிஞ்சால் அளந்தேன். எட்டு மில்லி பிடித்தது. இப்போது சிரிஞ்ச் இல்லாமல் பாட்டிலைத் திறப்பதே இல்லை.

நீலவானம்:
பழைய படிக்கட்டு, நீங்கள் சொன்னது சரி, அப்பா புகைத்ததே இல்லை என்பதால் எனக்கு அது தோன்றவில்லை. தெளிநீர், உங்கள் பட்டியலைக் கையால் எழுதி அவர் மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டேன். டாக்டர் டோஸை மாற்றி மறுபடி தொடங்கியிருக்கிறார், போன வாரம் ரத்தத்தில் 11. இரவில் தண்ணீரை நான்தான் கொடுக்கிறேன். டம்ளரை அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். "என்னம்மா?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை, குடிங்கப்பா என்கிறேன்.