வேரியன்ட், ஃபோர்க்: ‘மாற்றுரு’, ‘கவை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு வெளிவந்த வரலாற்றைத் தமிழில் தொகுக்கும் வரைவைப் படித்தேன். வெர்சன், ரிலீஸ், வேரியன்ட், ஃபோர்க் (ஒன்றின் நிரலை எடுத்துத் தனி வழியில் வளர்ப்பது) நான்குக்கும் ‘பதிப்பு’ என்றே வருகிறது. இப்படியே விட்டால் அட்டவணையைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டில் பெரிய சிக்கல் இல்லை. எண் தாங்கி நிற்பது பதிப்பு, அது வெளியே வருவது வெளியீடு. ஆண்ட்ராய்டு 15இன் மூல நிரல் (சோர்ஸ் கோட்) 2024 செப்டம்பரில் வந்தது, கூகுளின் பிக்சல் கைபேசிகளுக்கு அக்டோபரில்தான் கிடைத்தது. பதிப்பு ஒன்று, வெளியீடு இரண்டு. 3.0 ஹனிகோம்ப் இன்னும் தெளிவான சான்று. 2011 பிப்ரவரியில் மோட்டோரோலா சூம் கைக்கணினியோடு கடைக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் மூல நிரலை கூகுள் அப்போது தரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் 4.0இன் நிரலைத் திறந்தபோதுதான் இதுவும் சேர்ந்து வந்தது. ‘வெளியான நாள்’ என்று ஒரே கட்டம் போட்டால் எந்த நாளை எழுதுவது?

ஆண்ட்ராய்டுக்கு வைத்த இனிப்புப் பெயர்களையும் பதிப்பு என்று சொல்ல வேண்டாம், குறிப்பெயர் என்போம். ஜெல்லி பீன் என்ற ஒரு குறிப்பெயருக்குள் 4.1, 4.2, 4.3 என மூன்று பதிப்புகள், அவற்றுக்கு ஏபிஐ நிலை (செயலிகள் அமைப்போடு பேசும் இடைமுகத்தின் எண்) 16, 17, 18. ‘ஜெல்லி பீன் பதிப்பு’ என்றால் செயலி எழுதுபவர் எதற்காக எழுதுவார்?

இனி வேரியன்ட். 2014இல் கைக்கடிகாரங்களுக்கென்று 4.4டபிள்யூ வந்தது. குறைந்த நினைவகமுள்ள கைபேசிகளுக்காக 2017 டிசம்பரில் ஓரியோ என்ற குறிப்பெயர் கொண்ட ஆண்ட்ராய்டின் ‘கோ’ வந்தது. 2022இல் பெரிய திரைகளுக்கு 12எல். இவை எல்லாம் ஒரே அமைப்பு, இடத்துக்குத் தக்க உருவம் மாறியவை.

இதற்குத் ‘திரிபு’ என்பவர்களின் வாதம் வலுவானதுதான். கொரோனா காலத்தில் டெல்டா திரிபு, ஒமைக்ரான் திரிபு என்று செய்தித்தாள்கள் எழுதி எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் வரலாற்றுத் திரிபு, உண்மையைத் திரித்தல் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கைபேசியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘திரிபு: கோ’ என்று பார்ப்பவர் ஏதோ கெட்டுப்போனதாக நினைப்பார். ‘வகை’ மிகப் பொதுவான சொல், அதை வேறு நூறு இடத்தில் செலவழித்துவிட்டோம். ‘வடிவம்’ கோப்பு வடிவத்துக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை மாற்றுரு. மொழியியலில் மாற்றொலி என்கிறோம் அல்லவா? ‘கல்’லில் வரும் ககரமும் ‘பகல்’லில் வரும் ககரமும் ஒலியில் வேறு, ஆனால் நமக்கு ஒரே எழுத்து. வரும் இடம்தான் ஒலியை மாற்றுகிறது. கடிகாரத்தில் ஓர் உரு, தொலைக்காட்சியில் ஓர் உரு என்பதும் அதே கதைதான். ‘ஆண்ட்ராய்டு கோ ஒரு மாற்றுரு’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடுக்காது.

ஃபோர்க்குக்குக் ‘கிளை’ வேண்டாம். பிராஞ்ச் (ஒரே திட்டத்துக்குள் நிரலின் தனி வரிசை) என்பதற்கு அது ஏற்கெனவே ஊன்றிவிட்டது, நிரலாளர்கள் இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறார்கள். கவை என்று வைக்கலாம். கவட்டை என்று ஊரில் சொல்வதும் இதைத்தான்: ஒரே தண்டு இரண்டாகப் பிளந்து தனித்தனியே போவது. வினையாக வேண்டுமானால் ‘கவை பிரித்தல்’. கவைக்குதவாத பேச்சு என்ற தொடர் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே குறை ‘உதவாத’ என்பதில் இருக்கிறது, கவையில் இல்லை. எனவே தயங்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் எல்லைக்கோடு எங்கே? தாய் அமைப்பின் இணக்க விதிகளுக்கு உட்பட்டு நிற்பது மாற்றுரு, விலகித் தன் போக்கில் போவது கவை என்று வைத்துப் பார்த்தேன். அமேசானின் ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டு நிரலிலிருந்து எழுந்தது, ஆனால் கூகுளின் பிளே ஸ்டோர் அதில் இல்லை, எண்ணும் தன்னுடையது (ஃபயர் ஓஎஸ் 7க்கு அடிப்படை ஆண்ட்ராய்டு 9). ஆகவே கவை. ஆண்ட்ராய்டு நிரலை வைத்து ஆர்வலர்கள் உருவாக்கிய சயனோஜென்மாட் 2016 இறுதியில் நின்றபோது அதன் நிரலை எடுத்துக்கொண்டு லினியேஜ் ஓஎஸ் கிளம்பியது, அதுவும் கவை. ஆப்பிள் பக்கம் 2019இல் ஐஓஎஸ்ஸிலிருந்து ஐபேட்ஓஎஸ் பிரிந்தது. பெயர் வேறானாலும் எண் அதே 13, ஐபோன் செயலிகளும் அதில் ஓடுகின்றன. என் கணக்கில் அது மாற்றுரு.

ஆண்ட்ராய்டின் மேல் சாம்சங் போர்த்தும் தன் இடைமுகமான ஒன் யூஐ போன்றவைதான் இன்னும் இடிக்கின்றன. இணக்க விதிப்படி அவை மாற்றுருதான், ஆனால் பதிப்பெண் தனியாக ஓடுகிறது. அவற்றுக்கு ‘மேலுறை’ என்று தனிச்சொல் வைக்கலாமா, அல்லது மாற்றுருவுக்குள்ளேயே அடக்கிவிடலாமா? தனிச்சொல் வேண்டும் என்பது என் விருப்பம். மாற்றுரு, கவை இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் அதோடு ஓர் எடுத்துக்காட்டுத் தொடரையும் சேர்த்து எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் அட்டவணைத் தலைப்புகளை இந்தச் சொற்களுக்கு மாற்றத் தொடங்குகிறேன்.